ஆளில்லாத ஊருக்கும் ஒரு தலைவர்



"உங்களுடைய ஊர் எது?" என்று யாராவது கேட்டால் நாம் உடனே ஒரு பெயரைச் சொல்கிறோம். அந்த ஊரை விட்டு வந்து எத்தனை வருடமானாலும், இடையில் எத்தனை இடம் மாறியிருந்தாலும், வாயில் வருவது அந்தப் பெயர்தான். வீடு இடிந்திருக்கலாம். வளவு பற்றைக் காடாகியிருக்கலாம். பிள்ளைகள் அந்த ஊரைக் கண்ணால் காணாமலே வளர்ந்திருக்கலாம். ஆனாலும் பெயர் நிற்கிறது.

அப்படியானால் ஊர் என்பது எது? மண்ணா, வீடா, மனிதரா? மண்ணுக்குத் திரும்பவே முடியாமற் போனால் ஊரும் இல்லாமற் போய்விடுமா?

இந்தக் கேள்விகளை நூறு வருடங்களுக்கு முன்னர் பிரான்ஸ் நாட்டுக் கமக்காரர்களும் கேட்க வேண்டி வந்தது. அவர்களுள் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள். சிலரால் திரும்ப முடியவில்லை. இரு சாராரும் என்ன செய்தார்கள் என்பதை ஃப்ளெரி என்னும் ஒரு சிறு கிராமத்தை வைத்து இப்பாடத்தில் பார்ப்போம்.

1. ஃப்ளெரி எப்படி இருந்தது?

பிரான்ஸின் வடகிழக்கிலே மியூஸ் ஆற்றங்கரையில் வேர்டன் என்ற நகரம் இருக்கிறது. அதற்குச் சில மைல் தூரத்தில், மேட்டு நிலத்தில் இருந்த ஊர்தான் ஃப்ளெரி. 1913ஆம் ஆண்டில் அங்கே 422 பேர் வாழ்ந்தார்கள். கமமும் மரவேலையுமே அவர்களுடைய தொழில்கள்.

அந்தப் பகுதிக்கு லொரேன் என்று பெயர். லொரேன் கிராமங்களுக்கெல்லாம் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. தெருவின் இரு பக்கமும் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வீடும் முகப்பிலே ஒடுக்கம், உள்ளே நீளம். ஒரே கூரையின் கீழ் ஒரு பக்கம் மனிதர் வாழும் அறைகள், மறுபக்கம் மாடும் குதிரையும் கட்டும் தொழுவம், வண்டி நுழையக்கூடிய பெரிய வாசலுடன் தானியமும் புல்லும் சேர்க்கும் களஞ்சியம். சமையலறை வீட்டின் நடுவிலே இருக்கும். யன்னல் வைக்க இடமில்லாதபடியால் கூரையில் விட்ட துவாரத்தால் வெளிச்சம் வரும்.

வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் அகலமான ஒரு வெளி உண்டு. அது ஊருக்குச் சொந்தமான நிலம். ஆனால் அதற்கு நேரேயுள்ள வீட்டுக்காரர் அதைப் பயன்படுத்தலாம். விறகு அடுக்குவதும், வண்டி நிறுத்துவதும், எருவைக் கும்பியாகக் குவிப்பதும் அங்கேதான். வேலி போட்டு அடைக்க மட்டும் முடியாது.

வயல்களும் இப்படித்தான். காணிகள் நீண்டு ஒடுங்கிய துண்டுகள். இடையில் வேலி இல்லை. பழைய முறைப்படி ஊரின் விளைநிலம் முழுவதையும் மூன்று பெரும் பகுதிகளாக வகுத்திருந்தார்கள். ஒரு பகுதியில் கோதுமை, ஒரு பகுதியில் குதிரைக்கு வேண்டிய ஓட்ஸ், மூன்றாவது பகுதி தரிசு. வருடா வருடம் இவை மாறி மாறி வரும். அறுவடை முடிந்ததும் எல்லாருடைய மாடும் ஆடும் எல்லா வயலிலும் மேயலாம். காணி தனித்தனி ஆட்களுடையது. ஒழுங்கு ஊருக்குப் பொதுவானது. ஒருவர் தம் எண்ணப்படி பிந்தி விதைத்தால் ஊர் மாடு அவர் பயிரைத் தின்றுவிடும்!

காடும் பொதுச் சொத்துத்தான். ஊரில் அடுப்பு எரியும் ஒவ்வொரு வீட்டுக்கும் பொதுக் காட்டிலிருந்து குளிர்காலத்துக்கான விறகில் ஒரு பங்கு உண்டு. பங்குகளைப் பிரித்துச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். விதவையின் அடுப்புக்கும் செல்வந்தரின் அடுப்புக்கும் ஒரே சீட்டுத்தான். இந்த வழக்கம் பிரான்ஸின் பல கிராமங்களில் இன்றும் இருக்கிறது.

ஃப்ளெரியில் ஒரு தேவாலயம், பாண் சுடும் வீடு, கொல்லன் பட்டறை, பெண்கள் துணி தோய்க்கும் பொதுத் தொட்டி, பாடசாலை எல்லாம் இருந்தன. அக்காலத்துப் பிரெஞ்சுக் கிராமங்களில் பாடசாலை ஆசிரியரே பெரும்பாலும் ஊர்ச் சபையின் எழுத்தராகவும் இருந்தார். பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவதும் அவர் பொறுப்பே. அந்தப் பதிவேடு எப்போதும் இரண்டு பிரதிகளாக எழுதப்படும். ஒன்று ஊரில் இருக்கும். மற்றது நீதிமன்றத்துக்குப் போகும். காணிகளின் வரைபடத்துக்கும் இவ்வாறே ஊருக்கு வெளியே மாவட்டத் தலைநகரில் இன்னொரு பிரதி இருந்தது. இந்தச் சிறிய ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதன் அருமை தெரியும்.

2. ஊர் போன விதம்

1870-71இல் நடந்த போரில் பிரான்ஸ் தோற்றபின் ஜேர்மனியின் எல்லை வேர்டனுக்குக் கிட்ட வந்துவிட்டது. எனவே நகரைச் சுற்றியுள்ள மேடுகளில் கோட்டைகள் கட்டப்பட்டன. ஃப்ளெரிக்கு அருகிலும் கோட்டைகள் எழுந்தன. ஊரைப் பாதுகாக்க வந்தவை என்று நம்பிய அந்தக் கோட்டைகளாலேயே பின்னர் ஊர் போர்க்களமாயிற்று.

முதலாம் உலகப் போர் 1914 ஜூலையில் தொடங்கியது. 1916 பெப்ரவரி 21ஆம் திகதி ஜேர்மன் படை வேர்டன் மீது பெரும் எறிகணைத் தாக்குதலை ஆரம்பித்தது. கடுங்குளிர் காலம். ஊரை விட்டு வெளியேறும்படி ஃப்ளெரி மக்களுக்குக் கட்டளை வந்தது. கையில் எடுக்கக் கூடியதை எடுத்துக்கொண்டு போனார்கள். சில நாட்களில் திரும்பலாம் என்ற நினைவோடு கதவைச் சாத்திவிட்டுப் போவது எப்படியானது என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஜூன் 23இல் சண்டை ஃப்ளெரிக்குள்ளேயே வந்தது. ஓகஸ்ட் 18 வரை அந்த ஊர் பதினாறு தடவை கை மாறியது என்பார்கள். முடிவில் பிரெஞ்சுப் படை ஊரை மீட்டது. ஆனால் மீட்பதற்கு அங்கே ஊர் இல்லை. சுவரென்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தெரு எது, வயல் எது, தேவாலயம் நின்ற இடம் எது என்று தெரியாதபடி குழியும் சேறுமே கிடந்தன.

அந்த வருடம் டிசம்பரில் வேர்டன் சண்டை ஓய்ந்தபோது இரு தரப்பிலும் இறந்தவர்களும் காணாமற் போனவர்களும் சுமார் மூன்று இலட்சம் பேர். அவர்களில் பெருந்தொகையானோர் இரு நாட்டுக் கமக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள்.

3. மூன்று நிறங்கள்

1918 நவம்பரில் போர் முடிந்தது. இடம்பெயர்ந்திருந்த மக்கள் தம் நிலத்தைத் தேடி வரத் தொடங்கினார்கள். அரசாங்கமோ அழிந்த நிலங்களை ஆராய்ந்து வரைபடத்தில் நிறம் தீட்டியது. குறைந்த சேதமுள்ள நிலம் நீலம். குழி நிரப்பித் துப்புரவாக்கினால் பயிரிடக்கூடிய நிலம் மஞ்சள். திருத்துவதற்கு ஆகும் செலவு நிலத்தின் பெறுமதியை விடக் கூடுதலாக வரும் நிலம் சிவப்பு. சிவப்பு நிலத்தைச் சொந்தக்காரரிடமிருந்து அரசாங்கமே வாங்கிக்கொள்ளும் என்று 1919ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது.

ஃப்ளெரி சிவப்பிலே விழுந்தது. வேர்டனைச் சுற்றி இவ்வாறு அழிந்த ஒன்பது ஊர்கள் "பிரான்ஸுக்காக உயிர்நீத்தவை" என்று, போர்வீரருக்குக் கொடுக்கும் அதே பட்டத்தோடு அறிவிக்கப்பட்டன. பட்டம் பெருமையானதுதான். ஆனால் ஏர் பூட்டிய கைகளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

சிவப்பு வலயம் எல்லா இடத்திலும் முதலில் வரைந்தபடியே இருந்துவிடவில்லை. வடக்கே வேறு மாவட்டங்களில் கமக்காரர் விடாமற் கேட்டார்கள். தாமே நிலத்தைத் திருத்திக் காட்டினார்கள். அங்கே சிவப்பு வலயம் வருடா வருடம் சுருங்கியது. ஆனால் வேர்டன் மேட்டில் மண்ணே புரட்டப்பட்டிருந்தது. மண்ணுக்குள் கோடிக்கணக்கான எறிகணைத் துண்டுகளும், வெடிக்காத குண்டுகளும், புதைக்கப்படாத மனிதரும் கிடந்தார்கள். அங்கே அரசாங்கம் மரம் நட்டது. இன்று சுமார் 10,000 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 25,000 ஏக்கர், காடாக நிற்கிறது.

4. திரும்பியவர்கள் எப்படித் திரும்பினார்கள்?

சிவப்புக்கு வெளியே இருந்த ஊர்கள் மீண்டும் எழுந்தன. ஃப்ளெரிக்கு அயலிலுள்ள பிராஸ், டாம்லூப் போன்ற கிராமங்களில் இன்று மக்கள் வாழ்கிறார்கள். அது தானாக நடந்த காரியம் அல்ல. நான்கு விடயங்கள் அதற்குத் துணை நின்றன.

முதலாவது, பத்திரங்கள். ஊர்ச் சபைக் கட்டிடம் எரிந்து போன இடங்களில், வெளியே வைத்திருந்த இரண்டாவது பிரதியே மக்களுக்குக் கைகொடுத்தது. இன்னாரின் பிள்ளை இன்னார், இன்ன துண்டுக் காணி இன்னாருடையது என்பதை அதைக் கொண்டு நிலைநாட்ட முடிந்தது.

இரண்டாவது, இழப்புக் கணக்கு. 1919 ஏப்ரல் 17ஆம் திகதிச் சட்டம் போரில் இழந்தவற்றுக்கு முழு நட்டஈடு பெறும் உரிமையை மக்களுக்குக் கொடுத்தது. அது பிச்சை அல்ல, உரிமை என்பதே அச்சட்டத்தின் அடிப்படை. ஆனால் கேட்பவர் கணக்குக் காட்ட வேண்டும். எனவே கலப்பை எத்தனை, குதிரை எத்தனை, கட்டில் எத்தனை, படுக்கை விரிப்பு எத்தனை என்று வீடு வீடாகப் பட்டியல் எழுதினார்கள். அந்தக் கோவைகள் இன்றும் சுவடிக் கூடங்களில் இருக்கின்றன. அக்காலத்துக் கமக்காரக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அறிய அவற்றைவிடச் சிறந்த சான்று வேறில்லை. நட்டஈட்டுக்காக எழுதியது பேரப்பிள்ளைகளுக்கு வரலாறாயிற்று!

மூன்றாவது, கூட்டுறவு. நட்டஈட்டுப் பணம் உடனே வரவில்லை. ஜேர்மனி செலுத்தும் என்று எதிர்பார்த்த பணம் தாமதமாயிற்று, விலைவாசியும் ஏறியது. குடும்பங்கள் மரப் பலகைக் கொட்டில்களிலும் தகரக் கொட்டில்களிலும் வருடக் கணக்கில் காத்திருந்தன. தனித்தனியே அலைந்தால் காலமும் காசும் வீண் என்று கண்ட மக்கள் ஊர் தோறும் மீள்கட்டுமானக் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தார்கள். தங்கள் நட்டஈட்டுக் கோரிக்கைகளை ஒன்றுசேர்த்து, ஒரே வரைஞரையும் ஒரே ஒப்பந்தக்காரரையும் பேசி, வரிசைப்படி வீடுகளைக் கட்டினார்கள். 1920இல் இச்சங்கங்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரமும் கிடைத்தது.

நான்காவது, எல்லை. எல்லைக் கல்லெல்லாம் பறந்து போன வயல்களில் சண்டை வராமல் இருக்குமா? 1919 மார்ச்சிலேயே இதற்கென ஒரு சட்டம் வந்தது. நில அளவையாளர் வந்து எல்லைகளை மீண்டும் குறித்தார்கள். சிதறிக் கிடந்த ஒடுங்கிய துண்டுகளைச் சேர்த்து, உழுவதற்கு வசதியான காணிகளாக மாற்றிக் கொடுக்கவும் அச்சட்டம் இடம் தந்தது.

5. திரும்ப முடியாத ஊர்

ஃப்ளெரி மக்களுக்கோ திரும்ப நிலம் இல்லை. அவர்கள் சிதறிப் போய் வேறு ஊர்களில் வேரூன்றினார்கள். அங்கே பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கு அதுவே ஊராயிற்று. அது துரோகமும் அல்ல, மறதியும் அல்ல. வாழ வேண்டும் அல்லவா?

ஆனால் அவர்கள் ஒரு காரியத்தை விடவில்லை. ஃப்ளெரியின் பெயரை அயல் ஊருடன் சேர்த்து அழித்துவிட இடம் கொடுக்கவில்லை. அழிந்த ஊர்களும் சட்டப்படி ஊர்களாகவே இருக்க வேண்டும் என்று 1919இல் முடிவாயிற்று. அதன்படி ஒன்பது ஊர்களுள் ஆறு இன்றும் ஒருவர்கூட வசிக்காத ஊர்கள். ஃப்ளெரி அவற்றுள் ஒன்று. பிரான்ஸின் குடித்தொகைக் கணக்கிலே அதன் பெயருக்கு நேரே பூச்சியம் என்று இருக்கும். ஆனால் பெயர் இருக்கும்.

வாக்காளர் இல்லாத ஊரில் தேர்தல் இல்லை. எனவே, எங்கள் அரசாங்க அதிபரைப் போன்ற பதவியிலுள்ள மாவட்ட அதிகாரி, ஒவ்வோர் ஊருக்கும் மூவர் கொண்ட ஒரு குழுவை நியமிக்கிறார். அதன் தலைவருக்கு மேயரின் அதிகாரம் உண்டு. ஊர் மக்களின் வழித்தோன்றல்களே பெரும்பாலும் இப்பொறுப்பை ஏற்கிறார்கள். புல்லை வெட்டுவிப்பது, பாதைகளைப் பேணுவது, வருபவர்களுக்கு ஊரின் கதையைச் சொல்வது, வருடம் ஒரு முறை பழைய குடும்பங்களை ஒன்றுகூட்டுவது ஆகியனவே அவர்களின் வேலை.

இன்று ஃப்ளெரிக்குப் போனால் மரங்களுக்கிடையே பள்ளமும் மேடுமாகப் புல் மூடிய நிலத்தைக் காணலாம். அவை எறிகணைக் குழிகள். அவற்றுக்கு நடுவே பழைய தெரு போன வழியிலேயே நடைபாதை போகிறது. பாதையோரத்தில் சிறு அடையாளங்கள் நிற்கின்றன: இங்கே பாண் சுட்டவர் வீடு, இங்கே கொல்லன் பட்டறை, இங்கே துணி தோய்க்கும் இடம், இங்கே பாடசாலை. தேவாலயம் நின்ற இடத்தில் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. "ஐரோப்பாவின் அன்னை" என்பது அதன் பெயர். ஒன்றையொன்று அழித்த நாடுகள் சமாதானமாக வாழ வேண்டும் என்ற வேண்டுதலே அந்தப் பெயர்.

மற்ற மூன்று ஊர்களின் கதை சற்று வேறு. வோ என்ற ஊரைப் பழைய இடத்துக்குச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். டூவோமொன், ஓர்ன் என்னும் ஊர்களிலும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் குடியேறினார்கள். 2019இல் வோவும் டூவோமொனும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இணைந்தன. அப்போதும் இரு பெயர்களையும் சேர்த்தே புதிய பெயரை வைத்தார்கள்.

6. நிலம் எளிதில் மறப்பதில்லை

நூறு வருடம் கழிந்தும் வேர்டன் மண் குண்டுகளைக் கக்கிக்கொண்டிருக்கிறது. உழும்போதும், மரம் வெட்டும்போதும், தெருப் போடும்போதும் அவை வெளிவருகின்றன. அரசாங்கத்தின் குண்டு அகற்றும் பிரிவினர் ஒவ்வோர் ஆண்டும் தொன் கணக்கில் அவற்றைச் சேகரித்து அழிக்கிறார்கள். 2013இல் ஃப்ளெரி மண்ணிலிருந்து 26 பிரெஞ்சுப் போர்வீரரின் எச்சங்கள் கிடைத்தன. அவர்களுள் சிலருக்கு, தொண்ணூற்றேழு வருடங்களின் பின்னர், பெயர் சொல்லி அடக்கம் செய்ய முடிந்தது.

குண்டை விட மறைவான ஆபத்தும் உண்டு. போருக்குப் பின் மிஞ்சிய நச்சுவாயு எறிகணைகளை 1920களில் வேர்டனுக்கு அருகே ஒரு காட்டுவெளியில் குவித்து எரித்தார்கள். அதனால் அந்த மண்ணில் ஆசெனிக் என்ற நஞ்சு படிந்தது. அங்கே இன்றும் புல் முளைப்பதே அரிது. குண்டுகளைப் பிரித்தெடுத்த வேறோர் இடம் பின்னர் வயலாக மாறியிருந்தது. அதை ஆராய்ந்த அரசாங்கம் 2015இல் அங்கு விளைந்ததைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உழுதவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது.

ஆகவே, போர் நடந்த காணிக்குத் திரும்பும் எவரும், "என் அப்பு உழுத நிலம், எனக்குத் தெரியாதா?" என்று எண்ணக் கூடாது. அப்பு உழுத நிலம் இப்போது வேறு நிலம். துப்புரவாக்கிய சான்று கிடைக்கும்வரை கால் வைக்க வேண்டாம். அறியாத இரும்பைத் தொட வேண்டாம். வேலியோரம் எடுத்து வைக்கவும் வேண்டாம். அடையாளம் இட்டு விட்டு, உரியவர்களுக்கு அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

7. நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை

ஃப்ளெரியின் கதை இனிப்பான கதை அல்ல. ஆசை மட்டும் இருந்தால் ஊர் திரும்பும் என்று அது சொல்லவில்லை. சில நிலங்கள் திரும்பக் கிடைக்கும்; சில கிடைக்காது. எது எதுவென்று தீர்மானிக்கும் வல்லமை பல வேளைகளில் கமக்காரர் கையில் இருப்பதில்லை.

ஆனால் அவர்கள் கையில் இருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பதிவு இருந்தது, அதன் பிரதி வேறிடத்தில் இருந்தது. இழந்ததை எழுதி வைத்தார்கள். ஒன்றுசேர்ந்து கேட்டார்கள். அயலவருடன் எல்லையை அளந்து தீர்த்தார்கள். திரும்ப முடியாதவர்கள் புதிய இடத்தில் வாழக் கற்றுக்கொண்டே பழைய ஊரின் பெயரையும், அங்கே யார் யார் எங்கெங்கே இருந்தார்கள் என்பதையும் காப்பாற்றினார்கள். இவற்றுள் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் பேனையும், நினைவுள்ள பெரியவர்களும், கேட்டு எழுதப் பிள்ளைகளும் போதும்.

பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். கொல்லன் பட்டறை எந்த மூலையில் இருந்தது என்று சொல்ல ஒருவராவது இருந்தபடியால்தான் ஃப்ளெரியில் அந்த அடையாளத்தை நட முடிந்தது.

குழுவாகச் சிந்திக்க

(1) உங்கள் குடும்பத்தின் காணி உறுதி, பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன? ஒரு பிரதியை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறீர்களா?

(2) உங்கள் ஊரின் படத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து பாருங்கள். ஒழுங்கை, கிணறு, குளம், கோவில், பள்ளிக்கூடம், கடை, ஒவ்வொரு வீட்டுக்காரரின் பெயர் எல்லாவற்றையும் குறியுங்கள். வயதில் மூத்தவர் சொல்ல, இளையவர் எழுதட்டும்.

(3) ஃப்ளெரியின் விறகுப் பங்கு போல, உங்கள் ஊரில் எல்லாருக்கும் பொதுவாக இருந்தவை எவை? இப்போது வாழும் இடத்தில் அவற்றுள் எதை மீண்டும் தொடங்கலாம்?

(4) திரும்ப முடிந்தால் முதலில் செய்ய வேண்டிய மூன்று வேலைகள் எவை? திரும்ப முடியாவிட்டால், உங்கள் பேரப்பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய மூன்று விடயங்கள் எவை?